ஆடாத கட்டில்

"நாளைக்குக் காலையில நங்கூரத்தைத் தூக்கிடலாம் ஜோனி. இந்தக் கட்டில் ஆடவே மாட்டேங்குது" என்றார் வெண்டல். ராத்திரி முழுக்கப் புரண்டதில் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கேரவனுக்கு ஏது நங்கூரம்? வர்ற ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு எழுபத்தஞ்சு வயசு ஆகுது. இன்னைக்குச் செவ்வாய். அஞ்சு நாள் பொறுத்துக்க முடியாதா உன்னால?"

"தூங்காம அஞ்சு நாள் எப்படி முடியும்? மத்தியானம் ஒரு தடவை படுத்துப் பார்க்கறேன். ஆடினா தங்கறோம், ஆடலேன்னா கிளம்பறோம்."

முப்பத்தோரு வருடம் பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்திய தம்பதி. போன வருடம் வெண்டலின் முழங்கால் மக்கர் செய்ததும் படகை விற்று, படுக்கையும் அடுப்பும் உள்ள இந்தக் கேரவன் வண்டியை வாங்கி, பிள்ளை வீடு, நண்பர் வீடு என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போனாலும் இதே கூத்துதான். காற்றடித்து வண்டி ஆடினால் வெண்டலுக்குத் தூக்கம் சொக்கும். ஆடாவிட்டால் மறுநாளே கிளம்பிவிடுவார். டென்வரில் மகன் வீட்டில் ஒரே ஒரு ராத்திரி. மருமகள் விருந்துக்குச் சுட்ட கோழியை வழியில் வண்டியை ஓரங்கட்டித்தான் தின்றார்கள்.

கான்சாஸில் காற்றுக்கு என்ன குறைச்சல் என்று நம்பித்தான் ஜோனி தன் அக்கா வெர்னாவின் வீட்டுக்கு வந்தாள். வந்த நேரம், வெர்னா வீட்டு வாசலில் கட்டியிருந்த கொடிகூட அசையவில்லை.

அம்மா இறந்த செய்தியே பசிபிக் நடுவில் பதினோரு நாள் கழித்துத்தான் ஜோனிக்குக் கிடைத்தது. அதைப் பற்றி அக்காவோடு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பேசியதில்லை. இந்தத் தடவையும் விட்டால் பேசவே முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மத்தியானம் வெண்டல் படுத்ததும், ஜோனி வண்டிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெர்னா ஐஸ் டீயோடு வந்தாள்.

"உள்ள போய் நீயும் கொஞ்சம் படேன்டி."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்க மாட்டோம். ஒருத்தர் காவல் இருக்கணும்."

"என் கோதுமை வயல்ல எந்தக் கப்பல் வந்து மோதப் போகுது?"

சிரிக்கப் போன ஜோனிக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து வண்டியின் பின்புற ஏணியில் சாய்ந்து விசும்பினாள். வண்டி லேசாக ஆடியது.

உள்ளே குறட்டை கேட்டது.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தள்ளு தள்ளு" என்று கிசுகிசுத்தாள் வெர்னா. தானும் டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் முதுகைக் கொடுத்தாள். குறட்டை இன்னும் பலமாக வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெண்டல் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினார். "வடமேற்குக் காத்து. மிதமான வேகம். நல்ல துறைமுகம்தான் இது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்."

வெர்னா ஓடிப்போய், அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த கொடியைத் துவைக்க வேண்டும் என்று கழற்றிவிட்டாள்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவருக்கும் இதே வேலை. முதுகை வண்டிக்குக் கொடுத்து, காலை ஊன்றி, ஒரு தள்ளு, ஒரு பேச்சு. அம்மா கடைசி வாரத்தில் என்னவெல்லாம் கேட்டாள் என்று வெர்னா சொல்ல, இருவரும் தள்ளிக்கொண்டே அழுதார்கள். வெர்னாவைப் பெண் பார்க்க வந்தவன் பன்றித் தொட்டியில் விழுந்த கதைக்குத் தள்ளிக்கொண்டே சிரித்தார்கள்.

வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "என்ன வெர்னா, சக்கரம் மாட்டிக்கிச்சா? நானும் ஒரு கை கொடுக்கட்டுமா?"

"உஷ். தள்ளணும், ஆனா வண்டி போயிடக் கூடாது. உனக்குப் புரியாது, கிளம்பு."

வெள்ளிக்கிழமை வெர்னா உற்சாகம் தாங்காமல் ஓங்கித் தள்ளியதில் உள்ளே வாணலி உருண்டு விழுந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நொடி அமைதிக்குப் பிறகு குறட்டை தொடர்ந்தது.

"புயல் ஓரமா உரசிட்டுப் போயிருக்கு" என்றார் வெண்டல், எழுந்து வந்து.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா கேக் வெட்டினாள். முதுகுவலியோடு முதல் துண்டைத் தங்கைக்கு ஊட்டினாள். ஜோனிக்கு மனசு நிறைந்துவிட்டது.

திங்கள் காலை வண்டி கிளம்பத் தயாரானது. "நீ ஓட்டு ஜோனி. நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று வெண்டல் போய்ச் சாய்ந்தவர், வண்டி நகரும் முன்பே தூங்கிப்போனார். ஒரு வாரம் மத்தியானமெல்லாம் தூங்கியவருக்கு இது என்ன அசதி என்று நினைத்தபடி, ஜோனி புறப்படும் நேரத்தைக் குறிக்கப் பயணக் குறிப்பேட்டைத் திறந்தாள். காற்றையும் அலையையும் ஒரு அணுகூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டிய ஏடு அது. அதில் மட்டும் பொய் எழுதக் கூடாது என்பது வெண்டல் போட்ட சட்டம்.

செவ்வாய்க்கிழமைக்கு நேராக அவர் கையெழுத்து இருந்தது: "காற்று இல்லை. வண்டியைப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் ஆட்டுகிறார்கள். தூக்கம் வரவில்லை, குறட்டை மட்டும் விட்டேன். வெளியே ஜோனி தன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். தங்குகிறோம்."

அதற்குக் கீழே ஞாயிறு வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரே சொல்தான் எழுதியிருந்தார்: "மேற்படி."