சொன்னது, ஓடியது

"கூடவே உட்கார்ந்துக்கிட்டு அந்த ஜோலீன் கோச்சுக்குக் குழி பறிக்கிறா, மார்லா. நீயே கண்ணால பாரு."

டுவைட் கிரைடர் பாப்கார்ன் பையை நீட்டினார். மார்லா எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளியின் விளையாட்டுப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. டுவைட்டின் புகார் எழுத்தில் வந்துவிட்டது. காலையில் பள்ளி வாரியத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். புகார் உண்மையென்றால் உதவிப் பயிற்சியாளர் ஜோலீனுக்கு வேலை போகும்.

ஊரில் இரண்டாயிரம் பேர்; கூடைப்பந்து அரங்கில் மூவாயிரம் இருக்கை. கட்டியவர்கள் எந்தக் கணக்கில் கட்டினார்களோ, இன்று நிரம்பி வழிந்தது. தோற்றால் பெண்கள் அணி போட்டியிலிருந்து வெளியே. இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறும் கோச் ஸ்டட்ஸுக்கும் அதுவே கடைசி ஆட்டம்.

ஜோலீன் பெஞ்சின் ஓரத்தில், மடியில் தாளட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பந்து நம் கைக்கு வரும்போதெல்லாம் கோச் எந்த வியூகம் சொன்னார், எது ஓடியது, கூடை விழுந்ததா என்று குறிப்பது அவள் வேலை. குறிப்பதுதான் வேலை, குறிப்புக் காட்டுவது அல்ல.

"இப்போ பாரு!" என்றார் டுவைட்.

கோச் எழுந்து, கைகளை வாயருகே குவித்துக் கத்தினார். பாண்டு முழக்கத்தில் மார்லாவுக்கு வார்த்தை கேட்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு வந்த டெஸ்ஸா அவரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினாள். பிறகு ஓரக்கண்ணால் ஜோலீனைப் பார்த்தாள்.

ஜோலீன் முழங்காலுக்குக் கீழே மூன்று விரல் நீட்டினாள்.

"பாத்தியா? அவர் ஒண்ணு சொல்றார், இவ ஒண்ணு ஓட்டுறா. என் பொண்ணைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. மிரட்டி வச்சிருக்கா!"

"உன் பொண்ணு இன்னைக்கு ஆடலையா?"

"பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா."

"அதுக்கும் இந்தப் புகாருக்கும்..."

"சம்பந்தமே இல்லை" என்றார் டுவைட், கேள்வி முடியும் முன்பே.

மார்லா எண்ணத் தொடங்கினாள். ஆறு முறை கோச் கத்தினார். ஆறு முறையும் டெஸ்ஸா ஜோலீனைப் பார்த்தாள். ஜோலீனை வேலைக்கு எடுத்தவளே அவள்தான். மார்லாவும் ஒரு காலத்தில் ஸ்டட்ஸ் அணியில் ஆடியவள். அவர் பேச்சை மீற அன்று யாருக்குத் துணிவு இருந்தது?

நாற்பத்தொன்றுக்கு நாற்பது. ஒரே புள்ளியில் வெற்றி. அரங்கம் அதிர்ந்தது. மார்லா நேராக பெஞ்சுக்குப் போனாள்.

"அந்தத் தாளைக் கொடு."

ஜோலீன் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கிறுக்கலா இருக்குங்க. நாளைக்கு நல்லா எழுதித் தரேனே."

"இப்போ கொடு."

ஜோலீன் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் கோச் பெற்றோர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். தாள் கை மாறியது.

இரண்டு பத்திகள். 'ஓடியது' என்பதன் கீழே மூன்று, ஒன்று, நான்கு, மூன்று. இந்த ஆண்டு வியூகங்களுக்கு எண்கள் மட்டும்தான், மார்லாவுக்குத் தெரியும்.

'சொன்னது' என்பதன் கீழே ஓர் எண்கூட இல்லை. கலப்பை. களஞ்சியம். கலப்பை. இரட்டைக் கலப்பை.

மார்லா மறுபடி படித்தாள். எழுத்துகள் கலங்கின. இந்தப் பெண்கள் பிறப்பதற்கு முன்பே கைவிட்ட வியூகங்கள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், இதே தரையில், அவள் ஓடியவை.

"எப்போலேர்ந்து?"

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு. இப்போ எல்லாமே பழசுதான், இந்த வருஷ எண் ஒண்ணும் அவருக்கு நினைவுல நிக்கலை." ஜோலீன் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணுங்க ஒருத்தியும் வீட்டுல மூச்சு விடலை. கூடை விழுந்தா, கலப்பையாலதான் விழுந்துச்சுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். சீசன் முடிய இன்னும் ரெண்டு வாரம்தாங்க..."

டுவைட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "தாள் சிக்கிடுச்சா? ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

மார்லா தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"ஜோலீன், சனிக்கிழமை ஆட்டத்துல கோச் சொல்றதுதான் ஓடணும். ஒரு வரி மாறக் கூடாது."

"அப்படிப் போடு!" என்று டுவைட் திருப்தியாக மகளைத் தேடிப் போனார்.

ஜோலீனின் முகத்தில் ரத்தமே இல்லை. "இந்தப் பொண்ணுங்களுக்குக் கலப்பைன்னா என்னன்னே தெரியாதுங்க!"

"தெரிஞ்சிடும்" என்றாள் மார்லா. "நாளைக்கு மூணு மணிக்கு ஷூ மாட்டிக்கிட்டு வந்து நான் ஓடிக் காட்டுறேன்."