பூனை படுத்திருந்த வீடு

ஒரு கணினிக்குள்ளே புகைப்படப் பூனை ஒன்று வெயிலில் அரைக்கண் மூடிப் படுத்திருந்தது. படம் எடுத்த நாளிலிருந்தே அதற்கு அந்தத் தூக்கம்தான். தூக்கத்தினூடே எப்போதும் இரண்டு குரல்கள் மிதந்து வரும்.

"நீ என் மடியில் படுத்திருக்கிறாய், கண்ணு. நான் ஃபோல்டர், படங்களைப் போட்டு வைக்கும் மஞ்சள் உறை. உன்னைப் படம் எடுத்த வடிவு என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்" என்று மஞ்சள் குரல் கொஞ்சும்.

"உளறாதே. இது என் வீடு. நான் டைரக்டரி. அவள் தம்பி செழியன் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான்" என்று கறுப்புக் குரல் சீறும்.

பூனை சோம்பலாகக் கேட்டது: "எனக்கு அடிக்கிற வெயில் ஒன்றுதானே? வீடு மட்டும் எப்படி இரண்டாகும்?"

இரண்டும் அதைக் காதில் வாங்கவில்லை. "இவன் தொலைந்தால்தான் எனக்கு நிம்மதி" என்றது மஞ்சள் குரல்.

ஒரு நாள் கணினியில் இடம் போதவில்லை. வெளியே செழியன் கேட்டான்.

"அக்கா, இந்த டைரக்டரி ரொம்ப இடம் பிடிக்குது. அழிச்சிடட்டுமா?"

"டைரக்டரியா? நான் அப்படி எதுவும் வைக்கலையேடா. என் படமெல்லாம் ஃபோல்டர்லதான் பத்திரமா இருக்கு. தாராளமா அழி."

"ஒழிந்தான்!" என்று மஞ்சள் குரல் கைகொட்டிச் சிரித்தது. செழியன் விசையைத் தட்டியதும் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது; கறுப்புக் குரலும் கூடவே அடங்கியது.

பூனை முதல்முறையாகக் கண்ணை முழுக்கத் திறந்தது. முதுகில் வெயில் இல்லை.