குசினிச் சுவர்

அடுப்புப் புகை படிந்த குசினியின் மண்சுவரில் இருந்த துளைக்குள் சிவராசாவின் விரல் முழுதாகப் போனது. முந்தாநாள் பாதி விரல்தான் போயிருந்தது.

"பாத்தியா பத்மாசனி! போனைப் பறிச்சு வைச்சதுக்குச் சுவரைத் துளைக்கிறாள் உன்ர மகள். பின்னால அந்தப் பெடியன் செந்தூரன்ர வீட்டு வளவு. இதுக்குள்ளால கடிதம் குடுக்கப் போறாள்."

"உங்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். அண்டைக்கும் அப்பிடித்தான், பிள்ளைக்கு ரத்தம் குறைவெண்டு பள்ளிக்கூடத்தில குடுத்த இரும்புச்சத்துக் குளிசையளை..."

"ஓம், வாழைக்குள்ள எறிஞ்சன்தான். அதைப் போட்டால் பிறகு பிள்ளை பிறக்காதெண்டு சந்தையில சனம் கதைக்குது. குமர்ப்பிள்ளைக்கு என்னத்துக்குக் குளிசை?"

பத்மாசனி அடுப்பை ஊதத் திரும்பினாள்.

சிவராசா குனிந்து பார்த்தார். இவ்வளவு தோண்டியும் கீழே ஒரு சிட்டிகை மண்கூடச் சிந்தியிருக்கவில்லை. கூட்டி அள்ளித் தடயத்தையும் மறைக்கிறாளே என்று பல்லைக் கடித்தார். கையும் களவுமாகப் பிடிபட்டால் மகள் கஜனியின் படிப்பை அன்றோடு நிறுத்துவது என்று முடிவு கட்டினார். பதினைந்து வயதில் இவ்வளவு கள்ளமா!

மத்தியானம் வயலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் ஒளிந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த கஜனி சைக்கிளைச் சாத்திவிட்டு, மூச்சு வாங்கியபடி கொஞ்ச நேரம் படியில் இருந்தாள். பிறகு குசினிக்குள் போனாள். கரண்டியால் சுவரைச் சுரண்டும் சத்தம் கொட்டில் வரை கேட்டது.

சிவராசா பாய்ந்து உள்ளே போனார். மகள் எதையோ கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"கையை விரியடி! ஆருக்குக் குடுக்கிற கடிதம்?"

அவள் விரிக்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டார். மெலிந்த உடம்பு சுவரோடு சரிந்தது, கை தானாக விரிந்தது.

கடிதம் எதுவும் இல்லை. எச்சில் பட்ட மண்கட்டி ஒன்றுதான் இருந்தது. அவளுடைய உதட்டிலும் அதே மண்.

"என்னடி இது?" அவருடைய குரல் இறங்கிவிட்டது.

கஜனி வாயைத் துடைத்தாள்.

"நீங்கள் எறியிறதுக்கு முந்தி அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு வந்த நாளில எனக்கு மண் தின்ன மனம் வரேல்லை, அப்பா."