மெலிந்து வந்த குரல்

எது நன்றாகக் கேட்கிறது என்று பார்க்க, வீட்டிலிருந்தே ரேடியோவில் தூரத்து ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர் தேவநேசன் மொட்டைமாடியில் சதுரமாக ஒன்றும் முக்கோணமாக ஒன்றும் இரண்டு கம்பி வளைய ஏரியல்களைக் கட்டியிருந்தார். தினமும் தூரத்துத் தீவிலிருந்து அவருடைய சிநேகிதர் பேசுவார். ஒருநாள் அந்தக் குரல் மிகவும் மெலிந்து வந்தது.

"இரைச்சலே இல்லாமல் பிடித்தேன், பார்த்தாயா?" என்றது சதுரம்.

"உன்னைவிட எனக்குத்தான் உரக்கக் கேட்டது," என்றது முக்கோணம்.

மறுநாள் குரல் வரவில்லை. மூன்றாம் நாள் சிநேகிதர் இறந்துபோன செய்தி வந்து, கீழே தேவநேசன் அழுதார்.

"கடைசியாக அவர் என்ன சொன்னார்?" என்று முக்கோணம் மெல்லக் கேட்டது.

சதுரத்துக்கு அவர் இருமியது நினைவிருந்தது. ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கள் ஐயா," என்று அது தீவு இருந்த திசை நோக்கிக் கெஞ்சியது. கேட்பதற்கென்றே கட்டிய கம்பி அது. அதன் குரல் மாடிச்சுவரைத் தாண்டவில்லை.