இருபது நிமிடத்துக்கு ஒரு வாய்

சானமாவுக் காட்டுச் சாலையில் பனி இன்னும் கலையவில்லை. அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்துக்குப் பழகும் பவளம், ஒரு காலைத் தரையில் ஊன்றி மூச்சடக்கி நிற்கிறாள். "ஆடாத நில்லும்மா, தாண்டிரட்டும்," என்கிறார் ராகி வயல் காவலுக்கு வந்த நாராயணப்பன். பனியே உருண்டு திரண்டு நடப்பதுபோல யானைகள் சாலையைக் கடக்கின்றன. தார்மேல் காலடிச் சத்தமே இல்லை. "ஜவளகிரிக் காட்டுல கெளம்புனதுங்க. நிக்காம மேஞ்சுக்கிட்டே வருதுங்க." கடைசியாக வந்த குட்டி நின்று, துதிக்கையை அவள் பக்கம் நீட்டி மோப்பம் பிடிக்கிறது. முதுகுப் பையில் வெல்லம் போட்ட களி உருண்டையும் நான்கு வாழைப்பழமும் இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. பசிக்கும் முன்பே தின்றுவிட வேண்டும் என்பது பயிற்சி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் கூவி நினைவூட்டும். அவள் உள்ளங்கையால் அதை இறுகப் பொத்திக்கொள்கிறாள். பொத்திய கைக்குள் அது சில்வண்டுபோலக் கூவுகிறது. குட்டியின் காதுகள் விரிகின்றன. தாய் திரும்பி வந்து, தும்பிக்கையால் அதன் பின்புறத்தை மெல்லத் தள்ளுகிறது. இரண்டும் பனிக்குள் கரைகின்றன. சற்றுப் பொறுத்து, மரங்களுக்குள் கிளை முறியும் சத்தம். அது நகர்ந்துகொண்டே போகிறது. நாராயணப்பன் தலையசைக்க, பழம் ஒன்றை எடுத்துப் பல்லால் உரித்துக்கொண்டே பவளம் மிதிக்கத் தொடங்குகிறாள்.