ஒண்ணுவிடாமச் சொல்லு

விசைப்பலகைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தத் தமிழ் எழுத்தைத் தட்டினாலும் திரையில் வெறும் கட்டம்தான் விழுந்தது. அதைச் சரிசெய்ய வந்த நிரலோ வாயே திறக்காமல் வேலையைத் தொடங்கியது.

"உள்ளே என்னதான் நடக்குது? ஒண்ணுவிடாமச் சொல்லு," என்றது விசைப்பலகை.

"முடிஞ்சதும் சொல்றேனே."

"அதெல்லாம் ஆகாது. இப்பவே சொல்லணும்."

அப்போதே பிடித்தது சனி. நிரல் தேடிய இடத்தையெல்லாம் சொல்ல, திரை அதை உரக்க வாசித்தது. இந்தக் கோப்புறையில் தமிழ் எழுத்துரு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததைத் திறக்கவே முடியவில்லை.

விசைப்பலகை குறுக்கிட்டது. "ஐயோ, எங்கேயுமே இல்லையா?"

"பதறாதே. தேடிக்கிட்டுத்தானே இருக்கான்," என்றது திரை.

மறுபடியும் ஓர் 'இல்லை' வந்தது. விசைப்பலகையால் பொறுக்க முடியவில்லை. நிறுத்தும் விசையைத் தானே அழுத்திவிட்டது. நிரல் பாதியில் செத்து விழுந்தது.

"எனக்கு அப்பவே தெரியும், இவனால ஆகாதுன்னு!"

"நீ அழுத்தின நேரத்துல அவன் கடைசியாச் சொன்ன வரி, நான் வாசிக்கிறதுக்குள்ள நீ நிறுத்திட்டே, இன்னும் என் மேல இருக்கு. வாசிக்கட்டுமா?" என்றது திரை. "'கிடைச்சிடுச்சு, எடுத்துட்டு வர்றேன்.'"

விசைப்பலகை அவசர அவசரமாக ஏதோ பதில் தட்டியது. திரையில் வெறும் கட்டங்கள் விழுந்தன.