கடைசி வண்டி கிளெம்

"கடைசி வண்டி! கிளெம்! தூங்கிட்டீங்களா? இன்னொரு தடவை பின்தங்கினா வந்த வழியே திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்!"

ரேடியோவில் நோலீனின் குரல் எல்லா வண்டிகளிலும் ஒரே சமயத்தில் அலறியது. ஆஸ்திரேலியாவின் சிம்ப்ஸன் பாலைவனத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது அவள் தொழில். முன்னால் அவள் வண்டி, பின்னால் செம்புழுதிக்குள் வரிசையாக மற்றவர்கள், எல்லோருக்கும் கடைசியில் கிளெம் என்கிற கிழவரின் துருப்பிடித்த வெள்ளை வண்டி.

"பாவம் அந்த மனுஷன். காசையும் கொடுத்து, திட்டும் வாங்கிக்கிட்டு வராரு," என்றாள் பெவர்லி.

பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் மெர்வினுக்குத் தன் கவலையே பெரிதாக இருந்தது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற கையோடு அவர் வாங்கிய வண்டி இது. அதன் முகப்பில் கம்பிவடம் சுற்றிய வின்ச் ஒன்று பளபளத்தது. மணலில் புதைந்த எந்த வண்டியையும் அலாக்காக இழுத்து வெளியே போட்டுவிடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். இதுவரை அது இழுத்தது மெர்வினின் சேமிப்பை மட்டும்தான்.

"இந்தப் பயணத்துலயும் இதுக்கு வேலை வரலேன்னா வண்டியோட சேர்த்து வித்துடறோம். அப்புறம் கப்பல்லதான் ஊர் சுத்தறோம். பேச்சு மாறக்கூடாது," என்று அடிலெய்டில் கிளம்பும்போதே பெவர்லி சொல்லியிருந்தாள். மெர்வினுக்குக் கப்பல் படத்தைப் பார்த்தாலே குமட்டும்.

கெட்ட நேரம், சமீபத்தில் பெய்த மழையில் மணலெல்லாம் இறுகிக் கிடந்தது. ஒருத்தரும் மாட்டிக்கொள்ளவில்லை. தேவாலயத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத மெர்வின், 'யாராவது ஒருத்தர் புதையட்டும் ஆண்டவரே' என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

முதல் மணல்மேட்டின் அடிவாரத்தில் எல்லோரும் நின்றார்கள். ஈக்கள் மொய்த்துத் தள்ளின. தொப்பியிலிருந்து தொங்கிய வலையைத் தூக்குவதும் பிஸ்கட்டை உள்ளே தள்ளுவதுமாக ஆளாளுக்குப் பசியாறினார்கள்.

"டயர்ல காத்தைப் பாதியாக் குறைங்க. நிறைய இருந்தா சக்கரம் மணலுக்குள்ள இறங்கிடும்," என்றாள் நோலீன். ஒவ்வொரு வண்டியாகப் போய்க் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தானே சோதித்தாள். கிளெம்மின் வண்டிக்கு வந்ததும் அவரை ஒரு முறை முறைத்தாள், வெடுக்கென்று திரும்பி நடந்துவிட்டாள்.

"மெர்வின், இன்னிக்கு நீங்க கிளெம்முக்கு முன்னாடி வாங்க. அவர் மேல ஒரு கண்ணு வச்சுக்குங்க."

"எனக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்," என்று மெர்வின் முணுமுணுத்தார்.

மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியதுமே ரேடியோ கரகரத்தது.

"நோலீன்... கிளெம் பேசறேன். வந்து... மாட்டிக்கிட்டேன்."

மெர்வின் பிரேக்கை மிதித்த மிதியில் பெவர்லியின் மடியிலிருந்த பிஸ்கட் டப்பா பறந்தது. "நான் வரேன்! நான்தான் பக்கத்துல இருக்கேன்! வேற யாரும் வராதீங்க!"

வெள்ளை வண்டி வயிறு தரையில் படுகிற அளவுக்குப் புதைந்திருந்தது. பல் டாக்டர் டெஸ்மண்ட் புத்தம்புது மண்வெட்டியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தள்ளி நில்லுங்க டாக்டர். இது மண்வெட்டிக்கு அடங்கற சமாசாரம் இல்ல," என்றார் மெர்வின். டெஸ்மண்டின் முகம் தொங்கிப்போயிற்று.

நோலீன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கிளெம்மைப் பிடிபிடியென்று பிடித்தாள். "மெர்வின் மட்டும் இல்லேன்னா உங்க கதி என்னன்னு யோசிச்சீங்களா?" கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கம்பிவடம் விறைத்தது, வின்ச் உறுமியது, வெள்ளை வண்டி குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மெர்வின் வண்டியின் முகப்பில் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்க, பெவர்லி விதவிதமாகப் படம் எடுத்தாள்.

"சரி மெர்வ். ஒத்துக்கறேன். விக்க வேண்டாம், கப்பலும் வேண்டாம்."

மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. வங்கியில் பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கறி வாட்டினார்கள். மெர்வின் வீரக்கதையை முதலில் சொன்னபோது மணல் சக்கரம் வரைக்கும் இருந்தது, அடுத்த தடவை ஜன்னல் வரைக்கும் ஏறியது, அதற்கப்புறம் வண்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. டெஸ்மண்ட் மட்டும் மண்வெட்டியை மடியில் வைத்துத் தடவியபடி, "எல்லாத்துக்கும் ஒரு கொடுப்பினை வேணும்," என்று பெருமூச்சுவிட்டார்.

அந்தச் சிரிப்பும் கூச்சலும் கேட்காத தூரத்தில், தன் வண்டிக்குப் பின்னால், நோலீன் கிளெம்மின் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாத் தேய்டி. அந்த ஆள் இழுத்த இழுப்புல கழுத்தே கழண்டு போச்சு. கல்யாணத்தப்போ இந்த வேலையெல்லாம் உண்டுன்னு நீ சொல்லவே இல்லையே?"

"புலம்பாதே. நாளைக்கு டாக்டர் முறை. வெறும் மண்வெட்டிதான், லேசாப் புதைஞ்சாப் போதும்."